ஒரு கல்லூரியின் ஸ்தலபுராணம்: வாய் உடம்பிலிருந்து பிரிந்த கதை

1

கோயிலுக்கு மட்டும்தான் ஸ்தலபுராணம் உண்டு என்றில்லை. கல்லூரிக்கும் உண்டு, கட்சிக்கும் சாதிச் சங்கத்துக்கும்கூட உண்டு. 'நாங்கள் எங்கிருந்து வந்தோம்' என்று சொல்கிற பாவனையில் 'இந்த இடம் எங்களுக்கே பாத்தியப்பட்டது' என்று நிலைநாட்டுவதுதான் இந்தக் கதைகளின் வேலை. அறிவியல் துறைகள் இந்த மாதிரி விவகாரங்களுக்கெல்லாம் அப்பாற்பட்டவை என்று நமக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. பல்லு சமாச்சாரத்தை எடுத்துக்கொண்டு அந்த நினைப்பைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம்.

உலகத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகரத்தில் தொடங்கப்பட்டது. 1840 பிப்ரவரி 1 அன்று மாநிலச் சட்டமன்றம் அதற்கு உரிமைப் பத்திரம் வழங்கியது. தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஹொரேஸ் ஹேடனுக்கு அப்போது 70 வயது. சேப்பின் ஹாரிஸுக்கு முப்பத்துச் சொச்சம்.

கல்லூரியின் புராணம் இப்படிப் போகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு இவர்கள் போய், பல் வைத்தியத்தையும் ஒரு பாடமாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார்கள். பல்லெல்லாம் அவ்வளவு முக்கியமான விஷயமில்லை என்று மருத்துவப் பேராசிரியர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவமானப்பட்டுத் திரும்பிய இருவரும் தாங்களே ஒரு கல்லூரியைக் கட்டி எழுப்பினார்கள். பல் மருத்துவ வரலாற்று நூல்களில் இந்தச் சம்பவத்துக்குப் பெயரே 'வரலாற்றுப் புறக்கணிப்பு' என்பதுதான். தலைமுறை தலைமுறையாகப் பல் மருத்துவ மாணவர்கள் இதைக் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள்.

இந்தப் புராணம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

முதல் சிக்கல், சாட்சியம். பல்கலைக்கழக ஆவணங்களைத் தேடிப்பார்த்த வரலாற்றாசிரியர்களுக்கு அப்படி ஒரு விண்ணப்பமும் அகப்படவில்லை, அதை நிராகரித்த தீர்மானமும் அகப்படவில்லை. கதை வாய்மொழியாகவும் பிற்கால நினைவுரைகள் வழியாகவும்தான் கெட்டிப்பட்டிருக்கிறது.

இரண்டாவது சிக்கல், காலம். 1830-களின் கடைசியில் அந்த மருத்துவக் கல்லூரி யாரையும் சேர்த்துக்கொள்ளும் நிலையிலோ தள்ளிவைக்கும் நிலையிலோ இல்லை. 1826-இல் மாநில அரசு நிர்வாகத்தை ஆசிரியர்களிடமிருந்து பறித்து ஓர் அறங்காவலர் குழுவிடம் கொடுத்திருந்தது. 1837-இல் உடற்கூறியல் இருக்கைக்கு வில்லிஸ் பேக்ஸ்லி என்பவரை நியமித்ததில் சண்டை முற்றியது. பழைய ஆசிரியர்கள் ஒருபக்கம் பாடம் நடத்த, அறங்காவலர் தரப்பு இன்னொரு பக்கம் பாடம் நடத்தியது. வழக்கு நீதிமன்றம் போய், 1839-இல்தான் நிர்வாகம் ஆசிரியர்கள் கைக்குத் திரும்பியது. ரெண்டுபட்டுக் கிடந்த வீட்டின் கதவைத் தட்டி விருந்துக்கு அழைக்கவில்லையே என்று வருத்தப்பட்டதாகப் புராணம் சொல்கிறது.

மூன்றாவது சிக்கல்தான் சுவாரசியமானது. புதிய கல்லூரியின் முதல் பேராசிரியர்கள் நாலு பேர். ஹேடனும் ஹாரிஸும் பல் வைத்தியர்கள். மற்ற இருவரான தாமஸ் பாண்டும் வில்லிஸ் பேக்ஸ்லியும் மருத்துவர்கள். ஆம், மேலே சொன்ன சண்டைக்குக் காரணமான அதே பேக்ஸ்லிதான். மருத்துவம் கதவைச் சாத்தியதால் பிறந்த கல்லூரி என்கிறார்கள். அதன் ஆசிரியர்களில் சரிபாதிப் பேர் மருத்துவத்திலிருந்து வந்தவர்கள்.

அப்படியானால் கதை முழுப் பொய்யா? அப்படிச் சொல்லி முடித்துவிடுவதிலும் பிரயோசனமில்லை. மருத்துவர்கள் பல் பிடுங்குகிறவர்களை மட்டமாகத்தான் பார்த்தார்கள் என்பதில் சந்தேகமே கிடையாது. ஆனால் மட்டமாகப் பார்த்தது ஒரு மனோபாவம். கதவைச் சாத்தியது ஒரு சம்பவம். மனோபாவத்தைச் சம்பவமாகத் திரட்டி, அதற்கு ஒரு நாளும் இடமும் கொடுத்து, இரண்டு நாயகர்களையும் நிறுத்திவிடுகிறது புராணம். அதன்மூலம் ஒரு தேர்வு நிர்ப்பந்தம் போலத் தோற்றம் கொள்கிறது. 'நாங்கள் பிரிந்துபோக விரும்பினோம்' என்பது 'நாங்கள் விரட்டப்பட்டோம்' ஆகிவிடுகிறது.

3

அந்த மனோபாவம் எங்கிருந்து வந்தது? கை சம்பந்தப்பட்ட வேலை என்பதுதான் பதில். ஐரோப்பாவில் படித்த வைத்தியர் நாடி பார்ப்பார், மூத்திரத்தைப் பார்ப்பார், லத்தீனில் மருந்து எழுதுவார். ரத்தத்தைத் தொடமாட்டார். கட்டியை அறுப்பது, ரத்தம் எடுப்பது, பல்லைப் பிடுங்குவது எல்லாம் சவரத் தொழிலாளியின் வேலை. இங்கிலாந்தில் 1540-இல் சவரத் தொழிலாளர்களையும் அறுவை வைத்தியர்களையும் ஒரே சங்கமாக்கினார்கள். அறுவை வைத்தியர்களுக்கு அந்தஸ்து ஏறஏற, கத்தி ஒன்றாக இருந்தாலும் நாங்கள் வேறு என்று சொல்லி 1745-இல் அவர்கள் தனியே பிரிந்துபோனார்கள். பல் மட்டும் நடுத்தெருவில் நின்றது.

பாரீஸில் பியர் ஃபோஷார் 1728-இல் பல் அறுவை வைத்தியம் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். கைவேலைக்காரர்கள் தங்களுக்குள்ளே பொத்திப் பொத்தி வைத்திருந்த நுட்பங்கள் அச்சில் ஏறியது அப்போதுதான். ஆனால் ஒரு புத்தகம் ஒரு துறையை உண்டாக்கிவிடாது. 1830-களின் அமெரிக்காவில் பல் வைத்தியன் என்றால் பெரும்பாலும் ஊர்சுற்றிதான். குதிரையில் வருவான், சத்திரத்தில் தங்குவான், பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பான், பிடுங்குவான், போய்விடுவான். சீழ் வைத்த பிறகு தேடினால் ஆள் இருக்கமாட்டான். கதவுச் சாவி மாதிரி ஒரு கருவி உண்டு. அதற்குப் பெயரே 'பல் சாவி'. கொக்கியைப் பல்லில் மாட்டித் திருகினால் பல்லும் வரும், சில சமயம் தாடையெலும்பில் ஒரு துண்டும் சேர்ந்து வரும். 1837-இல் அமெரிக்காவில் பொருளாதார நெருக்கடி வந்து வேலை போனவர்களில் பலர் இந்தத் தொழிலுக்குள் புகுந்தார்கள். வேறு முதலீடு எதுவும் தேவையில்லை. ஒரு சாவி போதும்.

தொழிலைக் கற்பது எப்படி? யாராவது ஒருவரிடம் காசு கொடுத்து எடுபிடியாக இருக்க வேண்டும். அவர் சொன்னதுதான் பாடம். சொல்லாமல் விட்டது சொத்து. ஹேடனே இப்படி உருவானவர்தான். கனெக்டிகட்டில் பிறந்து, கப்பலில் வேலை பார்த்து, கட்டடத் தொழிலில் இருந்து, நியூயார்க்கில் ஜான் கிரீன்வுட் என்ற பல் வைத்தியரைப் பார்த்த பிறகு இத்தொழிலுக்கு வந்தவர் என்று சொல்லப்படுகிறது. நிலவியலிலும் நாட்டம் உள்ளவர்; 1820-இல் நிலவியல் கட்டுரைகளை நூலாக வெளியிட்டார்.

ஹாரிஸின் பங்கு வேறு மாதிரியானது. அவர் எழுத்துக்காரர். 1839-இல் பல் வைத்தியம் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. அதே ஆண்டில் உலகத்தின் முதல் பல் மருத்துவ ஏடான 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் டென்டல் சயின்ஸ்' தொடங்கியது. அதன் ஆசிரியர் குழுவின் மையம் அவர். 1840-இல் கல்லூரி. அதே ஆண்டில் நியூயார்க்கில் பல் அறுவை மருத்துவர்களின் தேசியச் சங்கம். முதல் தலைவர் ஹேடன். 1849-இல் ஒரு கலைச்சொல் அகராதி, அதுவும் ஹாரிஸ்.

ஒரு ஏடு, ஒரு கல்லூரி, ஒரு சங்கம், பிறகு ஓர் அகராதி. அறிவுத்துறை ஒன்று எப்படித் தன்னைக் கட்டமைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். எதைப் பேசலாம் என்பதை ஏடு தீர்மானிக்கிறது. எந்தச் சொல்லில் பேசலாம் என்பதை அகராதி தீர்மானிக்கிறது. யார் பேசலாம் என்பது கல்லூரியின் கையில், பேசக்கூடாதவர்கள் யார் என்பது சங்கத்தின் கையில். மருத்துவமனை என்ற இடத்தில் நோயாளியின் உடம்பு ஒரு புதிய பார்வைக்குள் கொண்டுவரப்பட்டதைப் பற்றி மிஷெல் ஃபூக்கோ 1963-இல் எழுதினார். பால்டிமோரில் நடந்தது அதனுடைய ஒரு சின்னப் பதிப்பு. அந்தப் பார்வைக்கு வாய் என்ற உறுப்பு மட்டும் தனியே நறுக்கிக் கொடுக்கப்பட்டது.

4

ஒன்றை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும். இந்தக் கல்லூரி செய்த உடைப்பு நிஜமானது. தொழில் ரகசியம் என்று மூடிவைத்திருந்ததை வகுப்பறையில் கரும்பலகைக்குக் கொண்டுவந்தது சாதாரண காரியமில்லை. பல்லுக்கும் நரம்புக்கும், ஈறுக்கும் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று தெரியாமல் சாவியைத் திருகியவன் கையில் உடற்கூறியலைக் கொடுத்ததும் அப்படித்தான். முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 5 பேர். 1840 நவம்பரில் பாடம் தொடங்கியது. 1841 மார்ச்சில் ராபர்ட் ஆர்தர், கோவிங்டன் மெக்கால் என்ற இருவர் பட்டம் வாங்கினார்கள். பட்டத்தின் பெயர் டி.டி.எஸ்., அதாவது பல் அறுவை மருத்துவத்தில் டாக்டர். உலகத்தில் அதுவரை இல்லாத ஒரு பட்டத்தை உட்கார்ந்து யோசித்து உண்டாக்கினார்கள். 'பல்லு புடுங்குறவன்' ஒரே மாலையில் 'டாக்டர்' ஆனான். அந்த ஆர்தர்தான் 1855-இல் தங்கத் தகட்டை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் குழியை அடைக்கும் முறையை அறிவித்தவர். கல்லூரி வெறும் பட்ட வியாபாரம் செய்யவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் அந்த முதல் வகுப்பு எங்கே நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். விரிவுரைகள், நாலுபேர் வந்துபோகிற இடத்தில் ஒரு சின்ன அறையில் நடந்தன. பிணத்தை அறுத்துப் படிக்கிற வகுப்பு மட்டும் குதிரை லாயம் ஒன்றின் பரணில், ஆள் கண்ணில் படாமல் நடந்தது. காரணம் பயம். பால்டிமோரில் 1807-இல் ஜான் டேவிட்ஜ் என்பவர் கட்டிய பிண அறுப்புக் கூடத்தை ஜனங்கள் திரண்டு வந்து இடித்துத் தள்ளியிருந்தார்கள். ஜனங்களின் அறியாமை என்று மருத்துவ வரலாறுகள் இதை ஒரு வரியில் தாண்டிப் போகும். அந்த மேஜையில் யாருடைய பிணம் கிடந்தது என்று கேட்டால் ஜனங்களின் கோபம் புரிந்துவிடும். அக்காலத்து அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிணம் வந்தது பெரும்பாலும் ஏழைகளின் புதைகுழிகளிலிருந்து, கறுப்பின மக்களின் இடுகாடுகளிலிருந்து. ராத்திரியில் தோண்டி எடுத்து வருவதற்கென்றே ஆள் உண்டு. பணக்காரன் கல்லறைக்கு இரும்புக் கிராதி இருந்தது. அடிமைக்கு உயிரோடு இருந்தபோதே உடம்பு சொந்தமில்லை. செத்த பிறகு எப்படிச் சொந்தமாகும்?

1840-இன் பால்டிமோரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். சுமார் 1 லட்சம் பேர் வாழ்ந்த துறைமுக நகரம். அடிமை வியாபாரம் வெளிப்படையாக நடந்த இடம். கூடவே விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் பல ஆயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். எசமானன் தடுத்தும் ஒளிந்து ஒளிந்து எழுத்துக் கற்றுக்கொண்டு, கப்பல் பட்டறையில் வேலை பார்த்துக் கூலியை எசமானனிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்த ஃபிரெடரிக் டக்ளஸ் இந்த ஊரிலிருந்துதான் 1838 செப்டம்பர் 3 அன்று தப்பினார். அதிலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் கல்லூரிக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. கல்லூரியின் புராணத்தில் இந்த ஊரும் இல்லை, இந்த மனிதர்களும் இல்லை. அங்கே இரண்டு நாயகர்களும் ஒரு சாத்திய கதவும் மட்டுமே இருக்கிறார்கள்.

5

பல்லுக்கும் அடிமைமுறைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நேரடிச் சம்பந்தமே உண்டு. ஹேடனுக்கு ஆதர்சம் என்று சொல்லப்படும் கிரீன்வுட், ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பல் கட்டிக் கொடுத்தவர். வாஷிங்டனின் பல்செட்டு மரத்தால் ஆனது என்று பள்ளிக்கூடக் கதை ஒன்று உண்டு. அதுவும் ஒரு புராணம்தான். தந்தமும் உலோகமும் மிருகப் பல்லும் மனிதப் பல்லும் சேர்ந்ததுதான் அவருடைய பல்செட்டுகள். அந்த மனிதப் பல் யாருடையது?

1784-இல் வாஷிங்டன் பண்ணையின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவு இருக்கிறது: பிரெஞ்சுப் பல் வைத்தியர் லெ மேயரின் கணக்கில், 'நீக்ரோக்களிடம்' 9 பல் வாங்கிய வகையில் 6 பவுண்டு 2 ஷில்லிங். இந்த லெ மேயர் முன்பல்லுக்கு 2 கினி தருவதாக விளம்பரம் கொடுத்தவர். அடிமைகள் விற்க வர வேண்டாம் என்ற நிபந்தனையோடு. 2 கினி என்றால் 42 ஷில்லிங். பண்ணைக் கணக்கில் ஒரு பல்லுக்கு விழுந்தது 14 ஷில்லிங்கூட இல்லை. வாங்கிய பல் வாஷிங்டன் வாயில்தான் ஏறியதா என்று பதிவு சொல்லவில்லை. ஆனால் 'மறுக்க முடியாத ஒருவன் விற்றான்' என்பதை வியாபாரம் என்று எழுதிவைக்கும் கணக்குமுறை அதில் தெளிவாகவே இருக்கிறது.

சங்கம் நடந்துகொண்ட விதத்தில் இன்னொரு பாகுபாட்டையும் பார்க்கலாம். 1833-இல் க்ராக்கூர் சகோதரர்கள் என்பவர்கள் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்து, வெள்ளி நாணயத் தூளைப் பாதரசத்தில் குழைத்துப் பல் குழியை அடைத்தார்கள். மலிவு, சீக்கிரம் முடியும், வலியும் குறைவு. ஆனால் சொத்தையைச் சுரண்டாமல் அடைத்ததால் வேலை சுத்தமில்லை. ஒழுங்கான பல் வைத்தியர்கள் தங்கத் தகட்டை மணிக்கணக்காகத் தட்டித்தட்டி அடைக்கிறவர்கள்; கட்டணமும் அதற்கேற்ப. இவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஹாரிஸ் எதிரணியில் முன்னின்றார். 1845-இல் சங்கம், பாதரசக் கலவையைத் தொடமாட்டேன் என்று உறுப்பினர்களிடம் எழுதி வாங்கியது. மறுத்தவர்களை வெளியேற்றியது. சங்கத்துக்குள்ளே புகைச்சல் கிளம்பி, 1850-இல் உறுதிமொழியைத் திரும்பப் பெற்றும் பயனில்லாமல், 1856-இல் சங்கமே கலைந்துபோனது.

பாதரசத்தைப் பற்றிய பயம் வெறும் கற்பனை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் இந்தக் கலவையின் பயன்பாட்டைச் சில விதிவிலக்குகளோடு தடைசெய்திருக்கிறது. ஆனால் 1845-இல் நடந்த விவாதத்தில் விஷம் ஒரு பாதி, அந்தஸ்து ஒரு பாதி. தங்கம் வாங்க வக்கில்லாதவன் பல்லை என்ன செய்வது என்ற கேள்விக்கு உறுதிமொழிப் பத்திரத்தில் இடமில்லை. அவன் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான். 1890-களில் ஜி.வி. பிளாக் என்பவர் கலவையின் விகிதத்தைச் சோதித்துச் சீர்செய்த பிறகு, அதே பாதரசக் கலவைதான் உலகம் பூராவும் ஏழைகளின் பல்லைக் காப்பாற்றியது.

6

இப்போது கதவு விஷயத்துக்குத் திரும்பலாம். தங்களுக்குக் கதவு சாத்தப்பட்டது என்று சொன்னவர்கள், தாங்கள் வைத்த கதவை யாருக்குத் திறந்தார்கள்?

ராபர்ட் டேனர் ஃப்ரீமன் வாஷிங்டன் நகரத்துக்காரர். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். வெள்ளைக்காரப் பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். பட்டம் வாங்க விண்ணப்பித்தபோது இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகள் நிறத்தைச் சொல்லி மறுத்தன. 1867-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பல் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அங்கே இடம் கிடைத்து, 1869-இல் பட்டம் பெற்றார். பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான். 4 வருஷத்தில் இறந்தும் போனார்.

லூசி ஹாப்ஸ் 1861-இல் ஒஹாயோ பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டார். பெண் என்று மறுத்தார்கள். பட்டமில்லாமலே தொழில் நடத்தினார். நல்ல பெயர் எடுத்து, அயோவா மாநிலப் பல் வைத்தியர்கள் பரிந்து பேசிய பிறகு, அதே கல்லூரி அவரைச் சேர்த்து 1866-இல் பட்டம் கொடுத்தது. தாய்க் கல்லூரியான பால்டிமோரில் முதல் பெண் பட்டதாரி வர 1873 ஆயிற்று. எமிலி ஃபூகிங் என்ற ஜெர்மானியப் பெண். அவர் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்த ஆய்வுரையின் பொருள், இந்தத் தொழிலுக்குப் பெண் பொருத்தமானவளா என்பதுதான். தன் இருப்புக்கே நியாயம் சொல்லித்தான் பட்டம் வாங்க வேண்டியிருந்தது. கூட வகுப்பில் இருந்த ஆண்கள் யாரும் அப்படி ஓர் ஆய்வுரை எழுத வேண்டியிருக்கவில்லை.

விலக்கப்பட்டவன் தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அவன் விலக்கி வைத்தவர்களின் கதை அமுங்கிப்போகிறது. 'வரலாற்றுப் புறக்கணிப்பு' என்ற சொற்சேர்க்கையின் அரசியல் இதுதான். மேலே இருப்பவன் நம்மை ஒதுக்கினான் என்று உரக்கப் பேசிய சாதிகள், தங்களுக்குக் கீழே யாரை ஒதுக்கி வைத்தன என்ற கேள்வியை 1990-களில் தமிழக தலித் இயக்கங்கள் எழுப்பின. ஒதுக்கப்பட்டது பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. அதை மட்டுமே சொல்வது பொய் என்றார்கள். பால்டிமோர் கதையையும் அந்தக் கண்ணோடு படிக்கலாம்.

7

வாய் தனியாகப் பிரிந்ததால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். பிரிந்தவர்கள் அப்புறம் ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. எந்தப் பல்கலைக்கழகம் விரட்டியதாகப் புராணம் சொல்கிறதோ, அந்த மேரிலாந்து பல்கலைக்கழகத்தோடு பால்டிமோர் கல்லூரி 1923-இல் இணைந்துவிட்டது. 1996-இல் அந்த வளாகத்திலேயே பல் மருத்துவத்துக்கு ஒரு தேசிய அருங்காட்சியகமும் திறந்தார்கள். கட்டடம் சேர்ந்தது, கோடு அழியவில்லை. 1965-இல் அமெரிக்க அரசு முதியவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, உடம்பு உள்ளே வந்தது, பல் சிகிச்சையில் பெரும்பகுதி வெளியே நின்றது.

2007 பிப்ரவரியில் அதே மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் இறந்தான். சொத்தைப் பல்லில் வைத்த சீழ் மூளைக்கு ஏறிவிட்டது. அந்தப் பல்லைப் பிடுங்க 80 டாலர் செலவாகியிருக்கும். ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை ஏற்கிற பல் மருத்துவர் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. இடையில் காப்பீடும் அறுந்துபோயிருந்தது. கடைசியில் இரண்டு மூளை அறுவைச் சிகிச்சைகள். மருத்துவமனைச் செலவு சுமார் 2,50,000 டாலர். மூளை என்றதும் மருத்துவம் ஓடிவந்தது. பல்லாக இருந்தவரை அது யாருடைய பொறுப்பும் இல்லை. சீழுக்கு இந்தத் துறைப் பிரிவினை தெரியாது.

கோட்டைக் காவல் காக்கிற வேலையும் நிற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பல்லை அடைக்க, பல் மருத்துவப் பட்டம் இல்லாத செவிலியரைப் பயிற்றுவித்து அனுப்பும் முறையை நியூசிலாந்து 1921-இலேயே தொடங்கிவிட்டது. அதே முறையை அலாஸ்காவின் பழங்குடி கிராமங்களுக்குக் கொண்டுபோனபோது, 2006-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டது. பல் மருத்துவர் எட்டிப்பார்க்காத கிராமங்கள் அவை. 2007-இல் நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இந்தியாவுக்கு இந்தத் துறை வந்த வழியும் அமெரிக்க வழிதான். கிழக்கு வங்காளத்துக்காரரான ரஃபியுத்தீன் அகமது அயோவாவில் 1915-இல் பட்டம் வாங்கி, 1919-இல் திரும்பி வந்து, 1920-இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். காலனி அரசு காசு தரவில்லை. 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடை நடத்தி, அந்த வருமானத்தில் கல்லூரியை நடத்தினார். இனிப்புத் தண்ணி விற்ற காசில் பல் படிப்பு! 1949-இல் கல்லூரியை அப்படியே மேற்கு வங்க அரசிடம் கொடுத்துவிட்டார். பெரிய மனசு, இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

அவர் கேட்டுப் போராடிய ஒழுங்குமுறை 1948-இல் இந்தியப் பல் மருத்துவர் சட்டமாக வந்தது. அந்தச் சட்டம் பதிவேட்டை இரண்டாகப் பிரித்தது. பட்டம் உள்ளவர்கள் 'அ' பிரிவு. பட்டமில்லாமல், ஆனால் குறைந்தது 5 வருஷம் அதையே பிழைப்பாகச் செய்துவந்தவர்கள் 'ஆ' பிரிவு. இரண்டாவது கதவு ஒரு தலைமுறைக்கு மட்டும். உள்ளே இருந்தவர்கள் செத்த பிறகு தானாகவே மூடிக்கொள்ளும். கல்கத்தாவிலும் சென்னையிலும் அப்பனிடமிருந்து மகன் என்று தொழில் பழகிய சீனப் பல் வைத்தியக் குடும்பங்கள் இருந்தன. அப்படி வீட்டிலேயே கைமாறி வந்த திறமைக்கு அதற்கப்புறம் சட்டத்தில் பெயர் இல்லை. சென்னையில் 1953-இல் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியபோது அது மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகவே தொடங்கியது என்பது ஒரு வேடிக்கை. பால்டிமோர் கேட்டதாகச் சொல்லப்படுவது இங்கே கேட்காமலே கிடைத்தது. பிற்பாடு இங்கேயும் தனிக் கல்லூரியானது.

நம் மொழியிலேயே ஒரு சாட்சி கிடக்கிறது. தமிழ்நாட்டில் 'மருத்துவர்' என்பது சவரத் தொழில் செய்த சாதியாரின் பெயர். 'மருத்துவச்சி' அவர்கள் வீட்டுப் பெண். ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவள். கட்டியை அறுத்ததும் புண்ணைக் கட்டியதும் அந்தக் கைகள்தான். அந்தக் கையிலிருந்த வேலை கல்லூரிக்குப் போனது. பெயரும் பின்னாலேயே போனது. கத்தியும் சீப்பும் தீட்டும் மட்டும் அவர்களிடம் மிஞ்சின. தெருவில் சாவியைத் திருகிப் பல் பிடுங்குவதற்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை; கேட்கவும் கூடாது. படிப்பு வேண்டும், பரிசோதனை வேண்டும், பொறுப்பு வேண்டும். ஆனால் ஒரு துறை 'அறிவியல்' ஆகும்போது அதுவரை அந்த அறிவைச் சுமந்தவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். பால்டிமோரிலும் அது நடக்கவில்லை, இங்கேயும் நடக்கவில்லை. நடக்காமல் போனதற்கு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. கோடு போட்டவர்கள் மனிதர்கள். மேரிலாந்துச் சிறுவனுக்கு 80 டாலர் கிடைக்காமல் போனதும் அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் அவன் நின்றதால்தான். போட்ட கோடு என்பதால் அதை அழிக்கவும் முடியும்.